மீன் அடிக்கும் கட்டையும் மகாவீரன் அஸ்மோதும்

வருஷத்தில் பாதி நாள் கடல்கூட உறைந்து கிடக்கும் வடதேசத்தில் வெமுந்தன் என்றொரு அரசன் இருந்தான். அவன் சபையில் முப்பது வீரர்களும் ஒரு கவிஞனும் உண்டு. கவிஞன் பெயர் கௌத். அவனுக்கு வாளைப் பிடிக்கத் தெரியாது. வாயைக் கட்டி வைக்கவும் தெரியாது.

ஒரு நாள் மத்தியான விருந்துக்கு மகாவீரன் அஸ்மோத் வந்து சேர்ந்தான். பறக்கும் பாம்பைக் கொன்றவன், அரக்கர்களை வதைத்தவன், இரும்பு பாயாத உடம்புக்காரன் என்று ஏழு நாட்டுப் பாடகர்களும் அவனைப் பாடினார்கள். பாடாதவர்களை அவன் வீடு தேடிப் போய்ப் பார்ப்பான் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முழு ஆட்டைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு அவன் எழுந்தான். "ஒன்பது அரக்கர்களைக் கொன்ற கை இது!"

"போன விருந்தில் ஏழு என்றீர்களே," என்றான் கௌத். "மிச்சம் இரண்டு பேர் செய்தி கேட்டுப் பயத்தில் செத்தார்களா?"

சபை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. அஸ்மோதின் முகம் சிவந்தது. ஆனால் அவன் வந்த காரியம் வேறு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெர்தி என்ற விதவையை நோக்கி விரலை நீட்டினான்.

"கடற்கரையில் இருக்கிற இவள் பண்ணை எனக்கு வேண்டும். இவளும் வேண்டும். முடியாது என்றால் இவளுக்காக எவனாவது என்னோடு தீவுச் சண்டைக்கு வரட்டும்!"

அந்த நாட்டில் அதுதான் வழக்கம். சண்டைக்கு ஆள் வராவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். அரசனாலும் தடுக்க முடியாது. அஸ்மோத் இப்படியே நாலு பண்ணைகளைச் சுருட்டியிருந்தான். ஓர் இடத்திலும் அவன் வாளை உருவ வேண்டி வரவில்லை.

"பன்னிரண்டு வருஷம் கல் பொறுக்கி உண்டாக்கிய நிலம், அரசே," என்றாள் ஹெர்தி. "இந்தத் தடியனுக்குக் கஞ்சி காய்ச்சிப் போடவா நான் பாடுபட்டேன்?"

அவள் வீரர்களைப் பார்த்தாள். முப்பது வீரர்களும் தங்கள் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்தார்கள்.

"நான் வருகிறேன்!" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் கௌதுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அஸ்மோத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீயா?"

"நான்தான். ஆனால் ஒரு சந்தேகம். தீவுச் சண்டைக்கு ஆளுக்கு மூன்று கேடயம் உண்டே, நீங்களும் கொண்டு வருவீர்களா? இரும்பு பாயாத உடம்புக்குக் கேடயம் எதற்கு என்று ஊர் கேட்குமே?"

"கேடயமா? எனக்கா? வெறும் மார்போடு நிற்பேன்!"

"பன்றியைத் தொட்டுச் சொல்லுங்கள்."

விருந்து மண்டபத்தில் பலிக்கு ஒரு பன்றி நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் கை வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. அஸ்மோத் பன்றியே மிரளும்படி ஓங்கி அறைந்து சத்தியம் செய்தான்.

மறுநாள் காலை எல்லாரும் படகேறித் தீவுக்குப் போனார்கள். நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. சட்டம் சொல்லும் கிழவர் விதிகளை ஒப்பித்தார். "சவாலை ஏற்று வந்தவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும். ஒரு கால் கயிற்றுக்கு வெளியே போனால் பின்வாங்கினான் என்று அர்த்தம். இரண்டு காலும் போனால் ஓடினான் என்று அர்த்தம். ஓடினவன் கேட்டது எதுவும் செல்லாது."

அஸ்மோத் மார்பைத் திறந்து காட்டி நின்றான். கௌத் சாக்கிலிருந்து ஒரு பெரிய மரக்கட்டையை வெளியே இழுத்தான். காற்றில் காய்ந்து விறகாகிப் போன மீனை அடித்து மிருதுவாக்க அரண்மனைச் சமையலறையில் வைத்திருக்கும் கட்டை அது. இன்னும் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா இது?" என்றான் அஸ்மோத். "வாள் எங்கே?"

"வாள் எதற்கு, வீரரே? உங்கள் மேல் இரும்பு பாயாது என்று ஏழு நாடும் பாடுகிறது. அந்தப் பாட்டை நான் மதிக்கிறேன். மரத்தைப் பற்றி யாரும் எதுவும் பாடவில்லையே!"

அஸ்மோத் கிழவரைப் பார்த்தான். கிழவர் தாடியைத் தடவினார். "முதல் அடி என்றுதான் விதி சொல்கிறது. எதனால் என்று சொல்லவில்லை."

"இன்னொரு கவலையும் இருக்கிறது," என்றான் கௌத். "சண்டையில் விழுந்த வீரர்களுக்கு நம் கடவுள் ஓடின் தன் மண்டபத்தில் விருந்து வைப்பார் அல்லவா? வாசலில் நிற்பவர்கள், 'எந்த ஆயுதத்தால் விழுந்தாய்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மீன் கட்டை என்றால் சமையலறைப் பக்கம் கையைக் காட்டிவிடப் போகிறார்கள், பாவம்!"

வீரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹெர்தி பொத்தவில்லை. கணீரென்று சிரித்தாள்.

கௌத் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஒரு கால்!" என்று கத்தினார் கிழவர்.

கட்டை காற்றில் ஆடியது.

"இரண்டு கால்!"

கௌத் கண்ணைத் திறந்தபோது மகாவீரன் முழங்கால் தண்ணீரில் தன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவிழ்த்துப் போட்ட சட்டையைக்கூட எடுக்கவில்லை.

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். தன் கையில் கிடந்த பொன் காப்பைக் கழற்றிக் கௌதுக்கு மாட்டிவிட்டான். ஹெர்தி, "வருகிற குளிர் முடிகிறவரை உங்களுக்கு வெண்ணெய் என் பண்ணையிலிருந்துதான்," என்றாள்.

திரும்பும் வழியில் அரசன் மெல்லக் கேட்டான். "உண்மையைச் சொல். அவன் அசையாமல் நின்றிருந்தால் அடித்திருப்பாயா?"

"எங்கே, அரசே! அந்தக் கட்டையின் கனத்துக்கும் என் பயத்துக்கும் என்னுடைய ஒரு காலும் அப்போதே கயிற்றுக்கு வெளியேதான் இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. புகழ் பெற்றவர்களோடு சண்டை போடுவதில் அது ஒரு வசதி. எல்லாரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்!"