சத்தம் போடாத புத்தாண்டு

முன்னொரு காலத்திலே, நம் கடலையும் அதற்கப்பால் இன்னும் பல கடல்களையும் தாண்டி, பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு குட்டித் தீவு இருந்தது. அந்தத் தீவுக்காரர்கள் புத்தாண்டை வரவேற்கிற விதமே தனி. மாசத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உருண்டைப் பழங்களை மேசையில் வைப்பார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறப்பார்கள். நடுராத்திரி ஆனதும் பானையைத் தட்டி, கொம்பை ஊதி, ஊரையே இரண்டாக்குவார்கள். உயரமாக வளரவேண்டுமென்று பிள்ளைகள் குதிகுதியென்று குதிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் கருநிழல் என்கிற பூதம் கடலைவிட்டு ஏறாமல் கிடந்தது.

அந்த வருஷம் டலிசாய் என்கிறவளின் மூத்த மகன் அமாடோவைப் புயல் கடலோடு கொண்டுபோய்விட்டது. பாவி மகள், அவள் அழவே இல்லை. அவன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. "இந்த வருஷம் யாரும் சத்தம் போடாதீங்க. என்னால தாங்க முடியாது" என்று மட்டும் கேட்டாள். ஊரும் மனசிரங்கிச் சரியென்றது. ஆனால் பாருங்கள், பழக்கதோஷத்தில் பழத்தையும் அடுக்கி, கதவையும் திறந்து வைத்துவிட்டார்கள்!

கருநிழலுக்கு வேறென்ன வேண்டும்? நேரே டலிசாய் வீட்டுக்குள் வந்து, மேசைமேல் உட்கார்ந்து, ஒரு பழத்தைத் தின்றது. அவளுடைய சின்ன மகள் சினாக் நாலு விரற்கடை குட்டையானாள். இன்னொன்றைத் தின்றது. இன்னும் குட்டையானாள்.

"பழம் தீர்ந்தால் பிள்ளையும் தீர்ந்தாள்" என்றது பூதம்.

டலிசாய் பானையைத் தட்டினாள். சத்தமில்லை. "நீ கேட்ட அமைதிதானே, அனுபவி!" என்றது பூதம்.

கொம்பை ஊதினாள். சத்தமில்லை. "நீ கேட்ட அமைதிதானே, அனுபவி!"

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். ம்ஹூம். "இன்றைக்கு நீங்கள் அடக்கிவைத்த சத்தமெல்லாம் என் வயிற்றில்!" என்று பூதம் சிரித்தது.

மேசையில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பழம்தான் மிச்சம். சினாக் உள்ளங்கை அளவுக்கு ஆகிவிட்டாள். "அம்மா, பயமா இருக்கும்மா."

அப்போதுதான் டலிசாய்க்குச் சுரீரென்றது. இன்றைக்கு அடக்கியது பூதத்தின் வயிற்றில். புயலன்றைக்கே நான் விழுங்கியது? அது இன்னும் என் வயிற்றில்தானே இருக்கிறது!

வாயைத் திறந்தாள். "ஐயோ, அமாடோ! என் கண்ணே, அமாடோ!"

அம்மாடி, என்ன அழுகை அது! மூங்கில் தரை அதிர்ந்தது. ஊரிலிருந்த பானையெல்லாம் தானாக முழங்கின. பழத்தைக் கீழே போட்டுவிட்டுக் கருநிழல் கடலுக்குள் ஓடி ஒளிந்தது. சினாக் ஒரு குதி குதித்தாள், பழைய உயரத்துக்கு வந்துவிட்டாள்.

அமாடோ வரவில்லை. கடல் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுக்க எந்த மந்திரத்துக்கும் தெரியாது. விடிந்ததும் தாயும் மகளும் அந்த ஆரஞ்சைப் பிட்டு, பாதியைத் தின்று, பாதியை அலையில் விட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தீவிலே, புத்தாண்டு ராத்திரி முதல் பானையைத் தட்டுவது துக்க வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் தட்டித் தட்டி அழுது தீர்க்கும்வரை ஊர் காத்திருக்கும். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் குதிக்கும்.