வண்டு தொடாத சோளம்

கிட்டுசாமி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். காளான் வித்துக்கு எந்தத் தானியம் மலிவு? ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் சுகந்தி டீச்சர் அவரை ஐந்து வாரம் அலையவிட்டாள்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்து நாலு. பேருக்குத்தான் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மூன்றே மூன்று பொட்டலம் தாய் வித்து கொடுப்பாள். வேகவைத்து உலர்த்திய தானியத்தில் அதைக் கலந்து பையில் அடைத்துவைத்தால், பதினைந்து நாளில் பை முழுக்க வெள்ளையாகக் காளான் நூல் ஓட வேண்டும். ஓடினால் நீ சிஷ்யன். மூன்றும் வீணாய்ப் போனால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவாள். அழுதாலும் நாலாவது பொட்டலம் கிடையாது.

முதல் நாள் கிட்டுசாமி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருக்குப் போடப் போறீங்களோ, அவங்களைக் கேளுங்க" என்றாள்.

கிட்டுசாமிக்குச் சுருக்கென்றது. ஊருக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக இருக்கிறதே. காளானுக்குப் போடப் போகிறோம், காளானுக்கு வாயா இருக்கிறது? அவர் முப்பது வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவர். கையில் அள்ளினாலே தானியத்தின் தராதரம் சொல்லுவார். அவரிடமா இந்தப் பொண்ணு விடுகதை போடுகிறாள்? போகட்டும், நமக்குத் தெரியாத தானியமா என்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி துளசிமணியம்மாவுக்கென்று ஓர் அறை உண்டு. தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறவர் அவர். கிட்டுசாமி அந்த அறையிலிருந்த தையல் மெஷினை நடைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அங்கே தன் குக்கரையும் அலமாரியையும் வைத்தார். மறுநாள் அந்தம்மா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். தோசைக்கு வாங்கின சோளம், வண்டு விழுந்துவிட்டது, புடைத்துக் கொடுக்கிறேன், வேண்டுமா என்று கேட்டார். கிட்டுசாமி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வண்டு மேல் வண்டாக ஊர்ந்தது. சீ, இதையெல்லாம் மனுஷன் தொடுவானா என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் பொட்டலத்தைக் குருணை அரிசியில் போட்டார். ஊரிலேயே அதுதான் மலிவு. அது குழைந்து கஞ்சியாகி, நாலாம் நாள் அறை முழுக்கப் புளிச்ச நாற்றம். இரண்டாவதைக் கோழித் தீவனக் கடையில் வாங்கின உடைத்த மக்காச்சோளத்தில் போட்டார். அதில் வெள்ளை ஓடவில்லை, பாசி மாதிரி பச்சைப் பூஞ்சைதான் ஓடியது.

இரண்டு தடவையும் டீச்சரிடம் போய் நின்றார். இரண்டு தடவையும் அதே கேள்வி, அதே பதில். இரண்டாம் தடவை அவருக்குப் பொறுக்கவில்லை. யாரைக் கேட்பது என்றாவது சொல்லித் தொலையுங்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். டீச்சர் கொட்டகைக்குள் போய்விட்டாள். பெரிய முனிவர் என்று நினைப்பு என்று கேட் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டிலோ வேறு கூத்து. தீபாவளிக்குத் தைக்க வந்த துணி நடையில் மலையாகக் குவிந்து கிடந்தது. துளசிமணியம்மா ஃபிரிட்ஜுக்கும் வாசக்கதவுக்கும் நடுவில் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர் கால் இடிக்க இடிக்கத் தைத்தார். வெளிச்சம் போதாமல் ஒரே ரவிக்கைக்கு இரண்டு தடவை கை பிரித்துத் தைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், தானியத்தைக் குறை சொல்கிறவர்களை நான் பார்த்துவிட்டேன் என்று மெஷினிடம் சொல்லிக்கொண்டார். மெஷினிடம் சொல்வதெல்லாம் யாருக்கு என்று கிட்டுசாமிக்குத் தெரியும். கடைசியில் நேராகவே சொல்லிவிட்டார்: புரட்டாசி முடிகிறதுக்குள் பையில் வெள்ளையைக் காட்டாவிட்டால் மெஷின் அறைக்குள் போகும், அலமாரி தெருவுக்குப் போகும்.

கிட்டுசாமி ரிட்டயர் ஆன பிறகு எட்டு மாதம் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை பிரஷர், யாருக்கு எத்தனை சுகர் என்று கேட்டே பொழுதைக் கழித்தவர். காளான் வந்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அறை போனால் திரும்பவும் அந்த பெஞ்சுதான். அதை நினைத்தாலே அவருக்கு பயமாக இருந்தது.

புரட்டாசியில் இன்னும் பதினாறு நாள் பாக்கி. கையில் ஒரே ஒரு பொட்டலம். அந்த நேரம் பார்த்து அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. விதைக்கடையில் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விற்காமல் நின்ற விதைச் சோளம் அரை மூட்டை கிடந்தது. கடைக்காரருக்கு இடம் காலியானால் போதும், சும்மா கொடுக்காத குறையாகத் தள்ளிவிட்டார். மேலே ஏதோ ரோஸ் கலர் பூசியிருந்தது. கிட்டுசாமி பக்கெட்டில் போட்டு ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினார். ஏழாவது தண்ணீர் தெளிந்து வந்தது. சோளம் முத்து முத்தாக இருந்தது.

இந்தத் தடவை வேகவைக்கும் முன்பே ஒரு படி அள்ளிக்கொண்டு டீச்சரிடம் போனார். கேள்வி கேட்க அல்ல, காட்டிவிட்டு வர. பொட்டலமும் சட்டைப்பையில் இருந்தது.

டீச்சர் அள்ளிப் பார்த்தாள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னார். ரோஸ் கலரைச் சொன்னார், ஏழு தண்ணீரைச் சொன்னார், விலையை இரண்டு தடவை சொன்னார். பிறகு, முப்பது வருஷ அனுபவஸ்தன் என்கிற தோரணையில், முக்கியமானதைச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா மூட்டையிலயே கெடந்திருக்குதுங்க. ஒரு வண்டு விழுந்திருக்கணுமே. ஒண்ணுகூட இல்லீங்க."

டீச்சர் நிமிர்ந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று கிட்டுசாமி சத்தமாகச் சொன்னார். "ரெண்டு வருஷங்க. ஒரு வண்டு தொடலீங்க."

சொல்லும்போதே அவருக்கு என்னமோ போல் இருந்தது. ரேஷன் கடையில் இரண்டு மாதம் கிடந்த கோதுமையிலேயே வண்டு ஊர்வதைப் பார்த்தவர் அவர்.

"ரெண்டு வருஷமா வண்டு கிட்டப் போகலை. காளான் மட்டும் போகுமாங்கய்யா?"

அவர் கையிலிருந்த சோளத்தைப் பார்த்தார். விதைக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாது, பூச்சி அரிக்கக் கூடாது என்றுதான் அந்த ரோஸ் மருந்தைப் பூசுவார்கள். காளானும் பூஞ்சைதான். இது தெரியாதவரா அவர்? தெரியும். விலையைக் கேட்டதும் மறந்துவிட்டது.

டீச்சர் தன் கையைக் கழுவிவிட்டு, சோப்பை எடுத்துக் கொடுத்து முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னாள். கோழி, குருவி திரிகிற இடத்தில் கொட்டிவிடாதீர்கள், ஆழமாகக் குழி எடுத்துப் புதையுங்கள், அந்த பக்கெட்டை இனி எதற்கும் எடுக்காதீர்கள் என்று சொன்னாள். கிட்டுசாமி கழுவிக்கொண்டே இருந்தார். ஐந்து வார எரிச்சலில் கேட்டுவிட்டார்.

"மொத நாளே சோளம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு இத்தனை அலைச்சல் வந்திருக்குமுங்களா?"

"இதுவும் சோளந்தானுங்களே."

கிட்டுசாமி துண்டில் கையைத் துடைத்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், பொட்டலம் இருந்தது. இனி எந்தத் தானியத்துக்கு எங்கே ஓடுவது?

டீச்சர் கேட்டாள்: "வீட்டுல வண்டு விழுந்தது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

துளசிமணியம்மாவின் டப்பா அவர் கண் முன் வந்து நின்றது. முதல் வாரமே, காலணா செலவில்லாமல், புடைத்துக் கொடுக்கிறேன் என்று வீடு தேடி வந்த சோளம். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

"அதைக் கேட்டு வாங்கிக்குங்க. ஓட்டை விழுந்ததைப் புடைச்சு எடுத்துட்டு மிச்சத்தைப் போடுங்க."

கிட்டுசாமி தலையைச் சொறிந்தார். கேட்டால் கொடுக்கிற நிலைமையில் அந்தம்மா இல்லை என்றார். அறை விஷயமாக வீட்டில் தினமும் சண்டை, புரட்டாசி முடிந்தால் அறையையும் பிடுங்கிக்கொள்வாள், தீபாவளித் துணியெல்லாம் நடையில் கிடக்கிறது, ஒரு காளானுக்காக எத்தனைதான் சகிப்பது என்று தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டாள்.

"வித்துப் பை கட்டிலுக்கு அடியிலேயே ஓடுமுங்க. அறையை எதுக்கு எடுத்தீங்க?"

"காளானுக்குத்தானுங்க."

"காளான் கேட்டுச்சுங்களா?"

மெஷினை முதலில் அறைக்குள் தள்ளிவிட்டு, பிறகு அந்த டப்பாவைக் கேட்பது என்று கிட்டுசாமி வீட்டைப் பார்த்து நடந்தார்.