இருபது வினாடி

ஏற்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டுச் சேலத்தில் மகளின் அடுக்குமாடிக்கு வந்த வரதப்பன், வலிக்கிற முழங்காலைக் கொண்டுவந்தார். தூரத்து நண்பர்களோடு பேசும் தன் ஹாம் வானொலி நிலையத்தைக் கொண்டுவர முடியவில்லை. அடுக்குமாடியில் ஆன்டெனாவுக்கு அனுமதியில்லை.

மலை வீட்டில் இருக்கும் கருவியை இங்கிருந்தே இணையம் வழியாக இயக்கக் கற்றுக்கொடுத்தவர் நஸ்ரீன். வரதப்பனின் வயதில் பாதிதான். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

நான்காம் நாள் காலை டீச்சரை வரவழைத்தார்.

"கில்பர்ட் பதிலே சொல்ல மாட்டேங்கிறான், டீச்சர்."

கடலோர மண்டபம் ஊரில் இருக்கும் கில்பர்ட்டும் அவரும் பத்தொன்பது வருடமாகக் காலை ஏழு மணிக்கு வானொலியில் பேசுகிறவர்கள். மலையை விட்டுப் போகாதே என்று கில்பர்ட் சொன்னார். "உன் வேலையைப் பாரு" என்று இவர் எரிந்து விழுந்தார். அதுதான் கடைசிப் பேச்சு. இப்போது மூன்று நாளாக மன்னிப்புக் கேட்கிறார்.

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பயமா இருக்கு. ரேடியோவுலயே பேசாதவன் போனை எடுப்பானா? என் குரல் அங்க போகுதா, போகலையா? போகுதுன்னா ஏன் பேசல? ஒண்ணுமே புரியல."

நஸ்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பேசுங்க" என்றார்.

மணி ஏழு. வரதப்பன் திரையில் பட்டனை அழுத்தினார்.

"கில்பர்ட், தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு."

பட்டனை விட்டார். பத்து எண்ணினார். ஒரு சத்தமும் இல்லை. மூன்று நாளும் செய்ததுபோலவே, தாங்கமுடியாமல் மறுபடி அழுத்தினார். "கில்பர்ட்? இருக்கியா?"

நஸ்ரீன் திரையின் ஓரத்தைக் காட்டினார். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அது எரியும்வரை மலைமேல் இருக்கும் கருவி பேசும், கேட்காது.

"பட்டனை விட்டும் இது ஏன் அணையலை, சார்?"

"நான்தான் இருபது வினாடி கூட்டி வெச்சேன். நெட்ல குரல் தாமதமாப் போகுது. பட்டனை விட்டதும் கடைசி வார்த்தை அறுந்துடுது. அதுதானே டீச்சர் முக்கியமான வார்த்தை?"

நஸ்ரீன் அந்த இருபதை அழித்துப் பூஜ்யம் போட்டார்.

"ஐயோ, 'மன்னிச்சிடு' போகாதே!"

"பேசுங்க சார்."

அரை மனதோடு பேசினார். பட்டனை விட்டதும் சிவப்புப் புள்ளி அணைந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"எத்தனை தடவைடா சொல்றது! மூணு நாளா தொண்டை கிழியக் கத்துறேன். உன் கோபத்தை யாரு மனசுல வெச்சா? முழங்கால் எப்படி இருக்கு?"

வரதப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழப்பம் மட்டும் தீரவில்லை.

"டீச்சர், 'மன்னிச்சிடு' இப்ப பாதிதானே போயிருக்கும்? இன்னொரு தடவை முழுசா சொல்லிடட்டுமா?"

கை பட்டனுக்குப் போனது. நஸ்ரீன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவர் இன்னும் பேசிட்டிருக்காரு, சார்."