நன்றாக இருப்பவர்களின் பட்டியல்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

சீடர் பெயர் லிங்கதுரை. கடலோரத்தில் உப்போடை என்கிற ஊரில் சுகாதார ஆய்வாளர். ஊருக்கு அவர் அண்ணாச்சி. கொசு மருந்து, குடிதண்ணீர், கடைகளின் சுத்தம் எல்லாம் அவர் தலையில்தான். பிள்ளைகள் இரண்டும் படித்து முடித்து வேலைக்குப் போனதும், இவருக்குப் படிப்பாசை வந்துவிட்டது. தொற்றுநோயியலில் முதுகலை. இரண்டு வருஷம், பகுதி நேரம், முழுக்க ஆன்லைனில். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு.

குரு பெயர் நிலோஃபர். வேலூர்ப் பக்கம். லிங்கதுரையின் செல்போனில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் இருப்பார். பாடம் நடக்கும்போதே பின்னால் குக்கர் கூவும். மூன்றாவது விசிலுக்கு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்தே தொடர்வார். அவர் லிங்கதுரையை சார் என்பார். லிங்கதுரை அவரை மேடம் என்பார். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைசி செமஸ்டரில் ஒரு கள ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உப்போடைக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தொன்பது பேருக்கு.

லிங்கதுரை சும்மா இருப்பாரா? நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டார். இந்தக் காமாலை உடம்புக்குள் புகுந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் மஞ்சள் காட்டும். அதனால், போன மாதம் எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே குடித்தீர்கள் என்று வீடு வீடாகத் துருவிக் கேட்டார். பதினேழு பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் இருக்கும் முத்துப்பேச்சியின் சர்பத் கடை.

மீதி இரண்டு பேரில் ஒருத்தி வாசற்படி தாண்டாத கிழவி. இன்னொன்று இரண்டு வயதுக் குழந்தை. அவர்களுக்கு நேரே 'நினைவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

காமாலை வந்தவர்கள் எல்லாருமே ஊரின் கீழ்க்கோடியில் மூன்று தெருக்காரர்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கீழ்க்கோடி ஆட்கள் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். நாள் முழுக்க வெயிலில் காய்ந்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது சர்பத் கடை. குடிக்காமல் போவார்களா?

சனிக்கிழமை காலை கடைக்குப் போனார்.

"அறிக்கை முடியுற வரைக்கும் கடையைத் திறக்காதே, முத்துப்பேச்சி."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? போன மாசம் பூரா நீங்களும்தானே நின்னு குடிச்சிய?"

"அது வேற."

"எது வேற? உங்க கிளாஸ்ல மட்டும் சாமி எறங்குச்சாக்கும்?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். லிங்கதுரை கடை வாசலில் நோட்டீஸை ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். முத்துப்பேச்சிக்கு அந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பத்தொன்பதில் பதினேழு. கணக்கு கணக்குத்தானே?

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதைத்தான் சொன்னார்.

"பத்தொன்பதுல பதினேழு, மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?"

நிலோஃபர் அவர் அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா உழைச்சிருக்கீங்க, சார். அந்தப் பத்தொன்பது பேர் வீட்லயும் கறிவேப்பிலை போட்டுத் தாளிப்பாங்களா?"

"அது எல்லா வீட்லயும் உண்டே, மேடம்."

"அப்போ பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சர்பத்தைவிட ரெண்டு கூட."

திரையிலிருந்த மற்றச் சதுரங்கள் எல்லாம் சிரித்தன.

"கடை காரணம் இல்லைன்னு சொல்றீங்களா, மேடம்?"

"நான் எதுவும் சொல்லலை, சார்."

மூன்றாவது விசில் கேட்டது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேடத்திடமிருந்து ஒரு ஃபைல் வந்தது. லிங்கதுரை தயாரித்த அதே படிவம். கேள்விகள் அத்தனையும் அப்படியே இருந்தன. தலைப்பு மட்டும் மாறியிருந்தது. 'காமாலை வந்தவர்கள்' என்பதை அழித்துவிட்டு 'நன்றாக இருப்பவர்கள்' என்று போட்டிருந்தார். கீழே முப்பத்தெட்டு வரிகள் காலியாகக் கிடந்தன. கூட ஒரு வார்த்தை இல்லை.

நோயாளியைத் தேடிப் போவது லிங்கதுரைக்கு இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். நன்றாக இருக்கிறவனைத் தேடிப் போய் அவருக்குப் பழக்கமே இல்லை. எங்கே ஆரம்பிப்பது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முதல் வரியில் தன் பெயரையே எழுதினார். சர்பத் குடித்தீர்களா? ஆம். காமாலை? இல்லை.

எழுதி முடித்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கிளம்பினால் அவ்வளவு லேசாக இல்லை. மேலத்தெருவில் தங்கமாரி என்று ஒருவர், உப்பளத்தில் கங்காணி. அவரிடம் படிவத்தைப் பிரித்து, "காமாலை ஏதும் வந்ததா?" என்று கேட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து அவர் மனைவி வந்துவிட்டார்.

"நல்லா இருக்க மனுசனைப் பாத்து என்ன கேள்வி கேக்கிய, அண்ணாச்சி? அதுவும் விளக்கு வச்ச நேரத்துல! வாய்ல நல்ல வார்த்தையே வராதோ?"

"இல்லம்மா, இது ஒரு ஆய்வு..."

"ஆய்வைக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில வையுங்க."

சொன்னதோடு விடவில்லை. ஒரு கை உப்பும் மிளகாயும் எடுத்து வந்து புருஷன் தலையை மூன்று சுற்றுச் சுற்றினார். லிங்கதுரை பக்கத்திலேயே நின்றதால் அவர் தலைக்கும் ஒரு சுற்றுக் கிடைத்தது.

அடுத்த வீட்டில் கேள்வியை மாற்றினார். "எப்படிப்பா இவ்வளவு திடமா இருக்கே?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் போல. ஆட்கள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், எங்கே குடிக்கிறேன் என்று கேட்காததையெல்லாம் சொன்னார்கள். ஒரு டிரைவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் நம்ம முத்துப்பேச்சி சர்பத்துதான், அண்ணாச்சி. தினம் ரெண்டு கிளாஸ். அதை ஏன் மூடுனிய?"

சனிக்கிழமை மத்தியானம் முப்பத்தெட்டு வரிகளும் நிறைந்தன. முப்பத்து மூன்று பேர் அந்தக் கடையில் குடித்தவர்கள். அதே உப்பளம், அதே பஸ், அதே கிளாஸ். குடித்துவிட்டு மேலத்தெருவுக்குப் போனவனுக்கு ஒன்றும் இல்லை. கீழ்க்கோடிக்குப் போனவன் படுத்துக் கிடக்கிறான். அந்தக் கிழவியும் குழந்தையும் மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. அவர்கள் குடிக்கவே இல்லை.

அப்படியென்றால் கீழ்க்கோடியில் என்ன இருக்கிறது?

தண்ணீராக இருக்காது என்று நினைத்தார். ஊர் முழுக்க ஒரே டேங்க். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் திறந்ததும் குளோரின் இருக்கிறதா என்று தினமும் சோதித்து எழுதுகிறவர் அவரேதான்.

அங்கே வந்து அவர் நினைப்பு நின்றது.

அந்தக் குளோரின் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. டேங்க் பக்கத்துக் குழாய், நடுக்குழாய், கடைசிக் குழாய். தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட வேண்டும். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். மூன்று இடத்துக்கும் நடந்து திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு வகுப்பு. படிப்பு ஆரம்பித்த புதிதில், வகுப்பு நாள்களில் மட்டும் முதல் குழாயில் பார்த்துவிட்டு மூன்று கட்டத்தையும் நிரப்பினார். பிறகு படிக்க வேண்டியது நிறைய சேர்ந்துகொண்டது. எல்லா நாளும் அப்படியே ஆகிவிட்டது. நோய் எப்படிப் பரவுகிறது என்று படிக்கப் போனவர், கடைசிக் குழாயைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கோடிக்கு நடந்தார். கடைசிக் குழாயில் குடம் வைத்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, அண்ணாச்சியா? எங்க தெருவுக்கு வழி மறந்து போச்சுன்னுல்லா நெனச்சோம்."

லிங்கதுரை தண்ணீர் பிடித்தார். சொட்டு விட்டார். தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

குழாயின் போக்கிலேயே திரும்பி நடந்தார். நடுவில் ஓரிடத்தில் குழாய் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது. இணைப்பு விட்டுப்போய், யாரோ சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ட்யூப் வெடித்துப் பல நாள் இருக்கும்.

அன்றைக்கே கீழ்க்கோடி வீடுகளுக்கெல்லாம் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். திங்கட்கிழமை ஆளைக் கூட்டி வந்து குழாயை மாற்றி, சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்டார். குளோரினைக் கூட்டினார். சாயங்காலம் கடைசிக் குழாயில் சொட்டு விட்டபோது தண்ணீர் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது அவருக்கு. அந்தச் சந்தோஷத்தோடு நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனார்.

"கடையைத் திறந்துக்கோ, தாயி. உன் சர்பத்துல ஒண்ணும் இல்லை. கீழ்க்கோடிக் குழாய் உடைஞ்சு கிடந்திருக்கு."

முத்துப்பேச்சி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மூடச் சொன்னப்ப ரெண்டு பஸ் ஆளு நின்னு பாத்துச்சு, அண்ணாச்சி. திறக்கச் சொன்னதை யாரு பாத்தா?"

"என் அறிக்கை பஞ்சாயத்துக்கும் போகும். அங்க போர்டுல ஒட்டுவாங்க. முதல் பக்கத்தை. அதுல குழாய்தான்னு இருக்கும்."

"அதே போர்டுல உங்க கையெழுத்துல இன்னொண்ணும் தொங்குதே. தினம் தண்ணி நல்லாருக்கு, மூணு எடத்துலயும் நல்லாருக்குன்னு. குழாய் உடைஞ்சா என்ன, அண்ணாச்சிதான் மருந்து பாத்து எழுதியிருக்காரேன்னு சொல்ல மாட்டாங்களா? தண்ணி நல்லதுன்னா சர்பத்துதானே கெட்டது? எவன் வந்து குடிப்பான்?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அறிக்கையை வாசித்தார். நன்றாக இருப்பவர்கள் முப்பத்தெட்டு பேர், கீழ்க்கோடித் தெருக்கள், உடைந்த இணைப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். நிலோஃபர் குறுக்கிடாமல் கேட்டார். வாசித்து முடித்தும் லிங்கதுரை மைக்கை அணைக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு, மேடம். அறிக்கையில எழுதலை."

"சொல்லுங்க, சார்."

"கடைசிக் குழாயை நான் ஒன்றரை வருஷமா சோதிக்கலை. சோதிச்ச மாதிரி எழுதியிருக்கேன். சோதிச்சிருந்தா என்னிக்கோ தெரிஞ்சிருக்கும்."

"எதனால சார் சோதிக்கலை?"

"இந்த வகுப்புக்கு நேரமாயிடும்னு, மேடம்."

நிலோஃபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கடைசிப் பக்கத்துல 'ஆய்வின் குறைபாடுகள்'னு ஒரு தலைப்பு இருக்கு, மேடம். அதுல நாலு வரி எழுதிடறேன். போதும்தானே?"

"அந்தத் தலைப்பு எதுக்கு, சார்?"

"நம்ம ஆய்வுல நம்மால தெரிஞ்சுக்க முடியாமப் போனதைச் சொல்ல."

"இது உங்களால தெரிஞ்சுக்க முடியாமப் போனதா?"

"இல்ல, மேடம். தெரிஞ்சுக்கிட்டது."

"அப்போ முதல் பக்கத்துல வரணும், சார். முடிவுகள்ல."

"அந்தப் பக்கத்தைத்தான் போர்டுல ஒட்டுவாங்க, மேடம். ஊரே படிக்கும். எனக்கு மெமோ வரும்."

"வரும், சார். முதல் வரியா எழுதுங்க. நீங்க கண்டுபிடிச்சதுலயே பெரிசு அதுதான்."