மரவட்டையின் நூறு மீசை

அந்தக் காலத்தில், பூச்சிகளெல்லாம் மண்ணைத் தட்டித் தட்டியே பேசிக்கொண்டிருந்தபோது, மரவட்டைக்குக் கால் கிடையாது. கிடந்த இடத்திலேயே கிடந்து, தலையிலிருந்த இரண்டு மீசையால் எல்லோர் தட்டலையும் கேட்டு, உரியவருக்குத் தட்டி அனுப்புவாள். ஒரே நேரத்தில் இரண்டு சேதிதான் கேட்க முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருப்பார்களா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"அக்கா, எங்க சேதி காலையிலேருந்து கெடக்குது. மண்ணாத்தாகிட்ட இன்னும் ரெண்டு மீசை கேட்டு வாங்கேன்," என்றது கட்டெறும்பு.

கேட்டாள், கிடைத்தது. வால் பக்கம் முளைத்த அந்த இரண்டும் தலைமீசைக்குப் பிடிபடாததைப் பிடித்தன. நான்கு சேதி ஒன்றாக வந்தது. பாராட்டினார்கள்; பாராட்டிய வாயாலேயே இன்னும் கேட்டார்கள். பத்து, முப்பது, நூறு என்று உடம்பெல்லாம் மீசை. கேட்கும் சேதி மட்டும் அதற்குமேல் கூடவில்லை.

"தம்பி, பக்கத்து மீசை கேட்டதத்தான் இதுவும் கேக்குது. மீசை பெருகுது, என் உடம்பு அதே விரல் நீளந்தானே?"

"இன்னும் நூறு வாங்கிப் பாரு," என்றது எறும்பு. அவளுக்கு அலுத்துவிட்டது. வாதாடக்கூடத் தெம்பில்லை.

ஐப்பசியில் ஒருநாள் ஓடைக்கரை நண்டு அவசரமாகத் தட்டியது. அதே பக்கமிருந்து சில்வண்டு வீட்டுக் கல்யாண அழைப்பும் வந்தது. தண்ணீர், தாலி, முட்டை, பந்தல் என்று நூறு மீசையும் ஒரே குழப்பத்தை நூறு முறை சொல்லின. எறும்புப் புற்றுக்குத்தான் ஆபத்து என்று ஒருவழியாகப் புரிந்துகொண்டு, புற்றை நோக்கித் தட்டினாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். ஆனால் மண்ணில் ஊன்றி நடந்த மீசை பிறகு சேதி கேட்காது. தெரிந்தே ஊன்றினாள். வழி தடவ முன்னிரண்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் காலாக்கி நடந்தாள்.

"தண்ணி வருது தம்பி, முட்டையத் தூக்குங்க!"

கடைசி முட்டை மேடேறியதும் வெள்ளம் புற்றுக்குள் புகுந்தது. மேட்டில் விழுந்து கிடந்தவளுக்கு அத்தனை காலும் வலித்தது. கட்டெறும்பு வந்து முதுகைத் தொட்டது.

"அக்கா, உனக்குத்தான் இத்தனை கால் இருக்கே. இனிமே வீடு வீடாப் போயே சேதி சொல்லலாமே?"

அவள் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் மரவட்டைக்கு மீசை இரண்டு, மற்றதெல்லாம் கால். மழை வந்தால் நடக்கிறது. யார் தொட்டாலும், இன்னொரு சேதியோடு வந்துவிட்டார்கள் என்று சுருண்டுகொள்கிறது.