ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்

மேலைநாடும் கீழைநாடும் நாற்பது வருஷம் சண்டை போடாமல் இருந்தன. இரண்டு பக்கமும் நல்லவர்கள் நிறைந்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். காரணம் இரண்டு ஏரிகள்.

நடுவில் ஒரு மலை. அதன் மேற்குச் சரிவில் ஓர் ஏரி, கிழக்குச் சரிவில் ஓர் ஏரி. கடைசியாக நடந்த சண்டையில் மேலைநாட்டார் கிழக்கு ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழைநாட்டார் மேற்கு ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரையும் யாராலும் கிளப்ப முடியவில்லை. ஆக, ஒவ்வொரு நாட்டின் தலைக்கு மேலும் எதிரியின் கையில் ஓர் ஏரி. கரை உடைந்தால் கீழே வயலும் மிஞ்சாது, வீடும் மிஞ்சாது, தொட்டிலும் மிஞ்சாது.

இரு தரப்பாரும் கரையைக் குடைந்து பெரிய மர ஆப்பு ஒன்றைச் செருகி வைத்தார்கள். ஆப்பில் கயிறு, கயிற்றின் நுனியில் நான்கு யானைகள். மலைக்கு இரண்டு உச்சிகள். மேற்கு உச்சியில் மேலைநாட்டுக் காவல், கிழக்கு உச்சியில் கீழைநாட்டுக் காவல். காவல்காரன் பக்கத்தில் எண்ணெய் நிறைந்த தீச்சட்டி. எதிரியின் உச்சியில் தீ தெரிந்தால் உடனே நம் சட்டியைக் கொளுத்த வேண்டும். அதைக் கண்டதும் யானைகள் இழுக்கும். பிடுங்கின ஆப்பை மறுபடி செருக எந்த அரசனாலும் ஆகாது.

நீ உடைத்தால் நானும் உடைப்பேன். இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மேலைநாட்டின் காவலுக்கெல்லாம் தலைவர் கொற்றன். வயது அறுபது. ஒரு நாள் பிற்பகல், இரண்டு உச்சிகளுக்கும் நடுவே இருந்த குகைக்கு வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார். அங்கே ஒரு குரத்தியார் இருந்தார். அந்தக் காலத்தில் மலைகளில் தங்கிப் பாடம் சொன்ன சமணப் பெண் துறவிகளை அப்படித்தான் அழைத்தார்கள். இவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கொற்றனின் மூத்த மகளுக்கும் அதே வயதுதான். ஆனாலும் பத்து வருஷமாகக் கொற்றன் தன் கேள்விகளை இங்கேதான் கொண்டு வந்தார். அரண்மனையில் எல்லோரிடமும் பதில்தான் இருந்தது.

"வாரும் கொற்றரே. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"காலையில ஒரு ஆளைப் பாறையில இருந்து உருட்டணும் அம்மா."

"யாரை?"

"காரியை."

காரி மேற்கு உச்சியில் இருபது வருஷமாகக் காவல் நிற்பவன். முந்தின நாள் பௌர்ணமி. மலையில் நாலு நாளாகக் காட்டுத்தீ, எங்கும் புகை. பொழுது அடையும் நேரத்தில் எதிரியின் தீச்சட்டி இருக்கும் பாறையில் செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சம் கிளம்பியது. காரி பந்தத்தை எடுத்தான். எடுத்தவன் கொளுத்தவில்லை, நின்றான். வெளிச்சம் வளர்ந்தது, உருண்டது, பாறையை விட்டு மேலே ஏறியது. பார்த்தால் நிலா.

"நாடு தப்பிச்சுது," என்றார் குரத்தியார்.

"நாடு தப்பிச்சுது அம்மா. உத்தரவு போச்சே! ஏன்டா கொளுத்தலைன்னு ராசா கேக்காரு. அதுக்கு அந்தப் பய சொல்லுதான், 'வாயில வெத்தலை கெடந்துது மகாராசா. மென்னு துப்பிட்டுக் கொளுத்தலாம்னு நின்னேன். துப்புததுக்குள்ள அது நிலாவாயிட்டு'ன்னு."

குரத்தியார் சிரித்தார். அரண்மனையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அரசன் சிரிக்கவில்லை. தீயைக் கண்டும் கொளுத்தாதவனை மலையிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்பது சட்டம். காலைக்குள் கொற்றன் வேறு நியாயம் சொன்னால் கேட்கலாம், இல்லாவிட்டால் சட்டப்படி நடக்கட்டும் என்று அரசன் எழுந்து போய்விட்டான்.

"அவனை விட்டுட்டா நாளைக்கு எல்லாவனும் வெத்தலை மெல்லுவான்," என்றார் கொற்றன். "இந்த சேதி கீழைநாட்டுக்காரன் காதுக்குப் போனா, நம்ம சட்டிக்கு யாரு பயப்படுவா? பயம் போச்சுன்னா சமாதானம் போச்சு. சரி, உருட்டுவோம்னா… நாட்டைக் காப்பாத்தினவன் அம்மா அவன். அவன் மக கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்பிட்டவன் நான். காலையில ராசாவுக்கு என்ன சொல்லட்டும்?"

குரத்தியார் அவர் கக்கத்தைப் பார்த்தார்.

"அது என்ன கட்டு?"

"ஏடு. இதுவரைக்கும் நடந்த பொய் அபாயமெல்லாம் இதுல இருக்கு. பதினொண்ணு. நானே கைப்பட எழுதி வச்சது."

"வாசியும்."

வந்த கவலையைக்கூட மறந்து கொற்றன் கட்டைப் பிரித்தார். முதல் ஏட்டில் கரடி. மதிலேறிக் குதித்த கரடியை எதிரி என்று நினைத்து மணியை அடித்துவிட்டார்கள். பந்தம் சட்டிக்கு ஒரு முழம் வரை போய் நின்றது. இன்னொன்றில், வரிசையாகப் பறந்த கூழைக்கடாக் கூட்டம் யானைப்படைப் புழுதியாகத் தெரிந்தது. இன்னொன்றில் நம் ஆட்களே ஒத்திகைக்காக எதிர்ப்பாறைக்குப் பக்கத்தில் வைத்த விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். ஒன்பதாவது ஏட்டை வாசிக்கும்போது கொற்றனின் குரல் சற்று இறங்கியது. இடி விழுந்து மிரண்ட யானை, ஆப்பைப் பிணைத்திருந்த ஆறு கட்டுகளில் ஐந்தை அறுத்துவிட்டது. ஆறாவது கட்டு தாங்கிக்கொண்டது.

"அதுக்கு என்ன செஞ்சீங்க?"

"கயிறு திரிச்சவனுக்குப் பட்டுப் போத்தினோம்."

"கரடிக்கு?"

"மதிலை ரெண்டு முழம் ஒசத்தினோம்."

"ஆப்புக்கு?"

"ஆப்புக்கு என்ன? அது இருந்த எடத்துலதான் இருக்கு." கொற்றன் ஏடுகளை அடுக்கினார். "பதினொரு தடவை அம்மா! ஒரு தடவைகூட ஒண்ணும் ஆகலை. நம்ம காவல் அவ்வளவு கெட்டி."

குரத்தியார் ஓர் ஏட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கரடி இருக்கு. பறவை இருக்கு. கயிறு திரிச்சவன் பேருகூட இருக்கு. பந்தத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கொளுத்தாம நின்னவன் பேரு எங்கே?"

கொற்றனும் வாங்கித் திருப்பினார். இல்லை.

"அதை எழுதுத வழக்கம் இல்லை."

"அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

கொற்றன் தரையைப் பார்த்தார். "நாலு பேரை உருட்டினோம். மத்தவங்களை வேலையில இருந்து நீக்கியாச்சு. உத்தரவை மீறினவங்க."

"காரி இடத்துல இப்ப நிக்கது யாரு?"

"வில்லவன். நல்ல சுறுசுறுப்பு. கண்ணு இமைக்குததுக்குள்ள கொளுத்திருவான். தேடிப் பிடிச்சுல்லா போட்டிருக்கேன்."

"காரியை உருட்டப் போறது அவனுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். காலையிலயே பறையறைஞ்சாச்சு. வில்லவன் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் மலையேறினான்."

குரத்தியார் எழுந்து குகை வாசலுக்குப் போனார். வெயில் சாய்ந்திருந்தது. கிழக்கே புகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்துப் பௌர்ணமின்னீரு. இன்னைக்கு நிலா எப்பம் எழும்?"

"பொழுது அடைஞ்சு ரெண்டு நாழிகை…"

கொற்றன் பேச்சை நிறுத்தினார்.

"காலையில ராசாவுக்கு என்ன சொல்லணும்னு கேட்டு வந்தீரு," என்றார் குரத்தியார். "அதுக்கு முந்தி நிலாவுக்கு என்ன சொல்லப் போறீரு?"

கொற்றன் ஏட்டுக்கட்டை எடுக்கவில்லை. செருப்பையும் மாட்டவில்லை. அறுபது வயது மனுஷர் மலைச்சரிவில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆடு மேய்த்தவர்கள் புலி துரத்துகிறது என்று நினைத்தார்கள்.

நேரே உச்சிக்குப் போகவில்லை அவர். காரியைப் பூட்டி வைத்திருந்த கொட்டடிக்குப் போனார். தான் போய் ஆயிரம் சொன்னாலும் வில்லவன் நம்பமாட்டான், காரி உயிரோடு வந்து நின்றால்தான் நம்புவான் என்று அவருக்குப் பட்டது. கதவைத் திறந்து, "வாடா" என்றார். ஒரு நாள் முன்கூட்டியே உருட்டப் போகிறார்கள் என்று எண்ணிக் காரி கும்பிட்டான். விளக்கிச் சொல்ல மூச்சு இல்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்.

பாதி வழியில் பொழுது அடைந்தது. உச்சியை எட்டும்போது நல்ல இருட்டு. கிழக்கே, எதிரியின் பாறையில், புகைக்கு நடுவே சிவப்பாக ஒரு கீற்று எழுந்துகொண்டிருந்தது. வில்லவன் பந்தத்தோடு தீச்சட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"நில்லு!"

"தீ ஐயா! அங்க பாருங்க, தீ!"

"நில்லுடா! உத்தரவு போட்டவன் நான் சொல்லுதேன், நில்லு!"

"நின்னா என்னை உருட்டுவீங்க!"

அந்த உத்தரவை எழுதிய கை அவருடையதுதான்.

காரி தள்ளாடிப் போய்த் தீச்சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். இனி கொளுத்தினால் அவனையும் சேர்த்துத்தான் கொளுத்த வேண்டும். மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினான். சுண்ணாம்பு தடவினான்.

"எப்படியும் காலையில நான் உருளப் போறேன்," என்றான். "நீயும் வந்தா பேச்சுத்துணையா இருக்கும். இந்தா, மெல்லு."

வில்லவன் பந்தத்தை இறக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தான். காரி ஊட்டிவிட்டான். அடுத்ததைக் கொற்றனிடம் நீட்டினான்.

கொற்றன் மென்றார். சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒருவேளை இன்றைக்கு நிஜமாகவே தீயாக இருந்தால்? நேற்று நிலா, அதனால் இன்றும் நிலாதான் என்று யார் சொன்னது? கீழே விளக்கு வைத்த வீடுகள் தெரிந்தன. அதில் ஒன்றில் அவருடைய பேத்தி இந்நேரம் சோற்றுக்கு அடம்பிடித்துக்கொண்டிருப்பாள். இப்போதே கொளுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நேற்று மாலை காரி எங்கே நின்றான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவன் தனியாக நின்றிருந்தான்.

மூன்று பேரும் மென்றார்கள். யாரும் துப்பவில்லை.

கீற்று வளைந்தது. வளைவு உருண்டது. பாறையை விட்டுப் பிரிந்து, ஒன்றும் அறியாததுபோல் நிலா மேலே போனது.

வில்லவன் பந்தத்தைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இரண்டு நாள் கழித்து, ஏட்டுக்கட்டையும் செருப்பையும் எடுத்துப்போகக் கொற்றன் குகைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"காரி?"

"வீட்டுல இருக்கான் அம்மா. மூணு பேரும் உத்தரவை மீறிட்டோம், உருட்டினா மூணு பேரையும் சேத்து உருட்டுங்கன்னு ராசாகிட்ட சொன்னேன். காவல் தலைவனையே உருட்டினா கீழைநாட்டுக்காரன் சிரிப்பான்னு விட்டுட்டாரு."

கொற்றன் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். புதிதாக ஓர் ஏட்டை மடியிலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தார். "பன்னிரண்டாவது. இதுல பேரு எழுதியிருக்கேன்."

குரத்தியார் வாங்கி வாசித்தார். முதல் சொல்லே காரி. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உத்தரவு?"

"மாத்தியாச்சு! தீ தெரிஞ்சா மொதல்ல ஒரு வெத்தலை மெல்லணும். மென்னு முடிச்சாத்தான் பந்தத்தைத் தொடணும். உச்சிக்குத் தினம் ஒரு கவுளி வெத்தலை, அரண்மனைச் செலவு. மெல்லாம கொளுத்தினாத்தான் இனிமே உருட்டு." கொற்றன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இனிமே நமக்குப் பயமில்லை அம்மா."

"ஆப்பு?"

"அது இருக்கட்டுமே. அதான் வெத்தலை இருக்கே."

குரத்தியார் தான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு நகர்ந்தார். "இங்கன வந்து உக்காரும்."

கொற்றன் போய் உட்கார்ந்தார்.

"மேற்கே பாரும். என்ன தெரியுது?"

"நம்ம உச்சி. நம்ம தீச்சட்டி."

"இன்னும் கொஞ்சம் பொறும்."

பொறுத்தார். புகை இன்னும் கலையவில்லை. சூரியன் சிவந்து, பெருத்து, இறங்கி இறங்கி, மேலைநாட்டுத் தீச்சட்டிக்கு நேர் பின்னால் வந்து நின்றது. சட்டியின் விளிம்பெல்லாம் பற்றிக்கொண்டது போலிருந்தது.

கொற்றன் சட்டென்று கிழக்கே திரும்பினார். அங்கே கீழைநாட்டு உச்சி. அதன் மேல், சின்னதாக, இந்தப் பக்கம் பார்த்தபடி ஓர் ஆள் நின்றிருந்தான்.

"தினமுமா?" என்றார்.

"நாப்பது வருஷமா," என்றார் குரத்தியார். "அவங்க நாட்டுல வெத்தலை விளையுமா, கொற்றரே?"