பச்சைத் தண்ணீரைத் தேடிப் போன ஆலா

கடல் நடுவே ஒரு மணல்தீவில் முத்தாலா என்ற ஆலாப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. தீவைச் சுற்றி மீன் அற்றுப்போயிருந்தது. குஞ்சுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

தீவுப் பறவைகளுக்குத் தலைவர் கூழைக்கடா. துறைமுகத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில்தான் அவருக்கு ஜாகை. "செயற்கைக்கோள் தகவல்! பாசி நிறைந்த குளிர்ந்த பச்சைத் தண்ணீர் நீலத் தண்ணீரைத் தொடும் இந்த இடத்தில் மீன் கூடும்" என்று அது தினமும் மீனவர்களுக்கு இடம் சொல்லும். கூழைக்கடா அதைக் கேட்டுவிட்டு நன்றாகத் தூங்குவார். மறுநாள்தான் தீவுக்கு வந்து, தானே கண்டுபிடித்ததுபோல் அளப்பார்.

அன்றும் அவர் சொன்ன தெற்குக் கடலுக்குக் கூட்டம் பறந்தது. அங்கே வெறும் நீலத் தண்ணீர். ஒரு பொடி மீன்கூட இல்லை.

"வானத்துல சுத்துற பெட்டிக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? புளுகுது. எல்லாரும் திரும்புங்க" என்று பழியைச் செயற்கைக்கோள்மேல் போட்டார் கூழைக்கடா.

"அண்ணாச்சி, அது எப்பச் சொன்ன சேதி?" என்று கேட்டது முத்தாலா.

"நேத்துக் காலைல. அதுக்கென்ன இப்போ?"

"நேத்துப் பாத்த தண்ணி இன்னைக்கும் இங்கனயே நிக்குமா அண்ணாச்சி? நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும்லா?"

"பெரிய கெட்டிக்காரி! போய்த் தேடு. றெக்க ஓஞ்சு விழுந்தா என்னைக் கூப்பிடாத."

முத்தாலாவுக்கும் பயம்தான். இன்னும் ஒரு தடவை பறக்கத்தான் உடம்பில் தெம்பு இருந்தது. கணக்குத் தப்பினால் குஞ்சு பிழைக்காது. கீழே ஒரு பாசிக்கொத்து நீரோட்டத்தோடு வடகிழக்கே மிதந்து போனது. முத்தாலா மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தத் திசையிலேயே பறந்தது. குஞ்சு வைத்திருந்த வேறு சில தாய்ப் பறவைகளும் பின்னால் வந்தன.

வெகுதூரம் போனபின் நீலம் முடிந்தது, பச்சை தொடங்கியது. அந்த ஓரம் முழுக்கச் சாளை மீன்கள் உலை கொதிப்பதுபோல் துள்ளின!

"வாங்க, எல்லாரும் வாங்க!" என்று கத்தியபடி முத்தாலா பாய்ந்தது. வாய் நிறைய மீனோடு தீவுக்குப் பறந்தது. முதல் மீனை விழுங்கியதும் குஞ்சு தலை நிமிர்த்தி இன்னும் கேட்டுக் கத்தியது. தாய்க்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

கூழைக்கடா அசடு வழிந்தார். "நானும் இதத்தான் சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா கேட்ட அன்னைக்கே சொல்லுங்க" என்றது முத்தாலா. தீவே சிரித்தது.

நல்ல தகவல் கிடைத்தால் மட்டும் போதாது. அது ஆறிப்போகுமுன் எழுந்து, காரியம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று யோசித்துப் போகிறவருக்கே பலன் கிடைக்கும்.